மொட்டை மாடியா, வாடகைத் தொலைநோக்கியா? செட்டிநாட்டிலிருந்து புதிய சிறுகோள்களைத் துரத்த எது தோது

பிற்பகல் இரண்டு மணி. காரைக்குடியில் கடைகளின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும் நேரம். அரிசோனாவில் அப்போது நள்ளிரவு தாண்டி ஒன்றரை, ஹவாயில் இரவு பத்தரை. கேட்டலினா, பான்ஸ்டார்ஸ், அட்லஸ் ஆகிய தேடல் திட்டங்கள் அந்த நேரத்தில் வானத்தை வரிவரியாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். நகரும் புள்ளி ஒன்று சிக்கினால், அதன் இடக் குறிப்புகள் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் உள்ள மைனர் பிளானட் சென்டருக்குப் போகும். உலகெங்கும் எடுக்கும் சிறுகோள் அளவீடுகள் வந்து சேரும் இடம் அது. அங்கே ஒரு மென்பொருள் அதற்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும். 65-ஐத் தொட்டால், பூமிக்கு அருகே வரும் புவி அண்மைச் சிறுகோளாக இருக்கலாம் என்று கருதி, ‘உறுதிப்படுத்தும் பட்டியல்’ என்ற பொதுப் பட்டியலில் ஏற்றுவார்கள். பெண் பார்த்துவிட்டுப் போனதுபோல. நிச்சயம் இன்னும் ஆகவில்லை.

நிச்சயம் ஆவதற்கு வேறு இடத்திலிருந்து யாராவது அதைப் பார்த்து, இடத்தை அளந்து அனுப்ப வேண்டும். அதைச் செய்ய விரும்பும் ஒருவருக்கு, அல்லது ஒரு கல்லூரி வானியல் மன்றத்துக்கு, செட்டிநாட்டில் இருந்தபடி என்னென்ன வழிகள் உண்டு, கையில் உள்ள காசை எதில் போடலாம் என்பதுதான் இங்கே கேள்வி. பெரும்பாலோர் முதலில் தொலைநோக்கியை வாங்கிவிட்டு அப்புறம் பட்டியலைத் திறக்கிறார்கள். பட்டியலை ஒரு வாரம் பார்த்துவிட்டு வாங்கினால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள்.

காரணம் வெளிச்சம். பட்டியலில் வரும் பொருள்களில் பெரும்பாலானவை 20 முதல் 22 மேக்னிடியூட். இந்த எண் கூடக்கூட மங்கல் என்று பொருள். 19-ஐவிடப் பிரகாசமாக வருபவை கொஞ்சம்தான். இரண்டாவது காரணம் நேரம். முதல் இரவில் அரை மணி நேரமே பார்க்கப்பட்ட பொருளின் பாதை பல விதமாகப் போகலாம். பத்து மணி நேரம் கழித்து அது இருக்கக்கூடிய இடம் வானத்தில் ஒரு பெரிய திட்டாக விரிந்துவிடும். உங்கள் கேமராவின் புலம், அதாவது ஒரு படத்தில் அடங்கும் வானப் பரப்பு, அந்தத் திட்டைவிடச் சிறியதாக இருந்தால் வெறும் நட்சத்திரங்களைத்தான் படம் எடுப்பீர்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த இரண்டும்தான் அளவுகோல்: எவ்வளவு மங்கலானதை எட்ட முடியும், கண்டுபிடித்து எத்தனை மணி நேரத்துக்குள் எட்ட முடியும்.

சொந்த மாடி

நியாயமான தொடக்கக் கருவி என்றால் 20 செ.மீ. விட்டம், எஃப்/4 நியூட்டோனியன் (குவியத் தூரம் விட்டத்தைப் போல் நான்கு மடங்கு உள்ள ஆடித் தொலைநோக்கி), குளிரூட்டப்பட்ட கறுப்பு வெள்ளை கேமரா, இவற்றைத் தாங்கி வானத்தின் சுழற்சிக்கு ஏற்பத் திருப்பும் மவுண்ட். மூன்று லட்சத்துக்குள் முடிப்பது கஷ்டம். குவியத் தூரம் 800 மி.மீ., கேமராவின் பிக்சல் 3.76 மைக்ரான் என்றால், 206.265-ஐ 3.76-ஆல் பெருக்கி 800-ஆல் வகுக்க, ஒரு பிக்சலுக்கு 0.97 விகலை வரும். விகலை என்பது பாகையில் 3600-ல் ஒரு பங்கு. 3008-க்கு 3008 பிக்சல் சென்சார் போட்டால் பக்கத்துக்கு 0.81 பாகை புலம் கிடைக்கும். இது போதுமான புலம். இரண்டுக்கு இரண்டாகப் பிக்சலைச் சேர்த்தால் இன்னும் நல்லது. நம் ஊர்க் காற்றில் நட்சத்திரம் மூன்று விகலைக்குக் குறைவாகக் குவிவது அபூர்வம்.

எக்ஸ்போஷர் எவ்வளவு என்பதைப் பொருளின் வேகம் முடிவு செய்யும். படம் எடுக்கும் நேரத்துக்குள் அது நட்சத்திரத்தின் அகலத்தைவிட அதிகம் நகரக் கூடாது. நிமிடத்துக்கு 6 விகலை நகர்ந்தால் 30 விநாடி, 30 விகலை நகர்ந்தால் 6 விநாடி. இவ்வளவு குறுகிய படத்தில் மங்கலானது தெரியாது. அதனால் பல படங்களை எடுத்து, பொருளின் வேகத்துக்கும் திசைக்கும் ஏற்ப நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அஸ்ட்ரோமெட்ரிகா, டைகோ டிராக்கர் இரண்டும் இதைச் செய்யும். 16 படங்களை அடுக்கினால் 1.5 மேக்னிடியூட் ஆதாயம், 64 படங்களுக்கு 2.3. ஊருக்கு வெளியே நிலவில்லாத இரவில் 30 விநாடிப் படம் 17-ஐ ஒட்டி எட்டினால், அடுக்கிய பிறகு 19-ஐக் கொஞ்சம் தாண்டும். அதற்கு மேல் இந்தக் கருவியிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இனி செட்டிநாட்டுக்கே உரிய தொல்லைகள். காரைக்குடி வடக்கு அட்சரேகை 10 பாகையில் இருக்கிறது. துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து பத்தே பாகை உயரத்தில், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னைக்கும் பின்னால் இருக்கும். தூசியில் பல நாள் தெரியவே தெரியாது. மவுண்டின் அச்சை வான துருவத்துக்கு நேர்படுத்த வழக்கமாக அதைத்தான் பார்ப்பார்கள். துருவ நட்சத்திரம் இல்லாமலே நேர்படுத்தும் முறை கொண்ட மென்பொருளைப் பழகிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமானது, சில மவுண்டுகளின் அச்சு 15 பாகைக்குக் கீழே சாயவே சாயாது. வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. 10 பாகைக்குச் சாய்ந்தாலும், எடைக்கல் கோல் கீழ்நோக்கி வரும்போது முக்காலியின் காலில் இடிக்கும். நடு இரவில் மோட்டார் முனகும் சத்தம் கேட்டால் பெரும்பாலும் இதுதான். கோலை நீட்டாமல், கனமான எடையை மேலே நெருக்கிப் போட்டு, முக்காலிக்கும் மவுண்டுக்கும் நடுவே ஒரு நீட்டிப்புத் தூண் வைத்தால் தீரும்.

பழைய வீடுகளின் மாடி பர்மா தேக்கு உத்திரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட தளம். நடுவில் நின்று ஒருவர் நடந்தால் நட்சத்திரம் படத்தில் துடிக்கும். முக்காலியின் கால்கள் சுமைச் சுவரின் மேல் வருமாறு, அதாவது முற்றத்தைச் சுற்றிய சுவரோ வெளிச்சுவரோ கீழே இருக்கும் இடத்தில், வைக்க வேண்டும். பகலெல்லாம் சூடேறிய தளம் இரவு ஒன்பது, பத்து மணி வரை அனலை விட்டுக்கொண்டே இருக்கும். மாலை ஆறு மணிக்கே தண்ணீர் தெளித்து வைப்பது பழைய வழக்கம்தான், இதற்கும் உதவுகிறது. மின்சாரம் போனால் மவுண்ட் இருக்கும் இடத்தை மறந்துவிடும். அதனால் முதலிலிருந்தே 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள், இன்வெர்ட்டரை மடிக்கணினிக்கு மட்டும் விடுங்கள்.

நேரம் இன்னொரு வில்லன். நிமிடத்துக்கு 60 விகலை ஓடும் பொருளுக்குக் கடிகாரம் ஒரு விநாடி தவறினால் இடம் ஒரு விகலை தவறும். விண்டோஸ் தானாகச் சரிசெய்யும் நேரத்தை நம்பாதீர்கள். இணையம் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி மென்பொருள் ஒன்றை நிறுவி அடிக்கடி ஒத்திசைக்க விடுங்கள், அல்லது ஜிபிஎஸ் கருவி இணையுங்கள். படத்தின் தலைப்பில் பதிவாவது எக்ஸ்போஷரின் தொடக்க நேரமா நடு நேரமா என்பதை மென்பொருளிடம் சரியாகச் சொல்லுங்கள். 30 விநாடிப் படத்தில் இதைத் தவறாகக் கொடுத்தால் 15 விநாடி பிசகும். புதியவர்களின் அளவீடுகள் எல்லாம் ஒரே பக்கமாக, பொருள் நகரும் திசையிலேயே, தள்ளி நின்றால் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் இதுதான்.

அளவீடு எங்கிருந்து வந்தது என்று காட்ட, மாடிக்கு மைனர் பிளானட் சென்டரிடம் மூன்று எழுத்து நிலையக் குறியீடு வாங்க வேண்டும். எண் பெற்ற பழைய சிறுகோள்களைக் குறைந்தது இரண்டு இரவுகள் அளந்து அனுப்புங்கள். பிழை ஒரு விகலைக்குள் இருக்க வேண்டும். இடத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் விண்மீன் பட்டியலாக, கையா விண்கலம் தந்ததைத் தேர்ந்தெடுங்கள், பழையவை வேண்டாம். விண்ணப்பத்தில் கடல் மட்ட உயரமா, ஜிபிஎஸ் பூமியின் வடிவமாக எடுத்துக்கொள்ளும் நீள்கோளத்திலிருந்து உயரமா என்று குறிப்பிடுங்கள். தென் தமிழகத்தில் இவை இரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 90 மீட்டர். காரைக்குடியின் உயரமே நூறு மீட்டருக்குள் என்பதால், சில ஜிபிஎஸ் கருவிகள் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டி ஆளைக் குழப்பும். தூரத்துச் சிறுகோளுக்கு இது பொருட்டே இல்லை. ஒரு லட்சம் கி.மீ. அருகே வருவதற்கு 0.2 விகலை வரை வரும். கருவியை தேவகோட்டைக்கு மாற்றினால் குறியீடும் மாறும்.

இத்தனைக்கும் பிறகு மாடிக்கு என்ன பலம்? லடாக்கின் ஹன்லேயில், 4500 மீட்டர் உயரத்தில், 70 செ.மீ. குரோத் இந்தியா தொலைநோக்கி இருக்கிறது. அதுவும் கிட்டத்தட்ட நம் தீர்க்கரேகைதான். அது இருக்கும்போது 20 செ.மீ. எதற்கு என்று கேட்கலாம். தெற்கு வானத்துக்கு. வான நடுக்கோட்டுக்கு 40 பாகை தெற்கே உள்ள பொருள் ஹன்லேயில் 17 பாகைதான் ஏறும், காரைக்குடியில் 40 பாகை ஏறும். 2025 ஜூலை 1 அன்று சிலியின் அட்லஸ் கண்டுபிடித்த சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த விண்மீனிடை வால்வெள்ளி 3ஐ/அட்லஸ் தனுசு ராசியில், 18-ஐ ஒட்டிய மேக்னிடியூடில் இருந்தது. இங்கிருந்து உச்சியில் 62 பாகை. புடாபெஸ்டிலிருந்து 24. ஆனால் ஜூலையில் நம் வானம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

வானம் தருவது தை முதல் பங்குனி வரைதான். பிள்ளையார் நோன்பு கழிந்து வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் தொடங்கி, சித்திரை மாலைகளில் இடி மேகம் திரளும் வரை. ஆடியில் காற்று, ஆவணி புரட்டாசியில் மாலை மழை, ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம்.

வாடகைத் தொலைநோக்கி

ஐடெலஸ்கோப் போன்ற நிறுவனங்கள் ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங், ஸ்பெயின், அமெரிக்கா, சிலி ஆகிய இடங்களில் தொலைநோக்கிகளை நிமிடக் கணக்கில் வாடகைக்கு விடுகின்றன. அரை மீட்டர் வகைக் கருவிகளும் உண்டு. இங்கே ஒரு கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். விட்டம் 20-லிருந்து 50 செ.மீ. ஆனால் ஒளி ஆறேகால் மடங்கு சேரும். ஆனால் பின்னணி வானத்தின் ஒளியும் அதே அளவு சேருவதால், எட்டும் மங்கல் ஒரு மேக்னிடியூட்தான் கூடும். மீதி ஆதாயம் இருண்ட வானத்தாலும் அசையாத காற்றாலும் வருகிறது. எல்லாம் சேர்ந்து 20-ஐத் தாண்டிவிடலாம். பட்டியலின் கனமான பகுதி தொடங்குவது அங்கேதான்.

நேரக் கணக்கு இன்னும் சாதகம். சைடிங் ஸ்பிரிங்கில் இருட்டும்போது இங்கே மதியம் இரண்டு முதல் நாலரை மணிக்குள். ஹவாயும் அரிசோனாவும் அன்று பகலில் ஏற்றிய பொருள் சில மணி நேரமே பழசு. கல்லூரி விட்டு வந்த மாணவர் தேநீர் குடித்துக்கொண்டே படம் எடுக்கலாம்.

செய்முறை இப்படி. பட்டியலைத் திறந்து 20.3-ஐவிடப் பிரகாசமானதையும், வான நடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ளதையும், கடைசியாகப் பார்த்து ஒரு நாளுக்குள் ஆனதையும் பொறுக்குங்கள். அந்த நிலையத்தின் குறியீட்டைக் கொடுத்து இட அட்டவணை கேளுங்கள். சைடிங் ஸ்பிரிங்குக்கு க்யூ62. பொருள் இருக்கக்கூடிய இடங்களைக் காட்டி, கூடவே வரும் புள்ளிச் சிதறல் வரைபடத்தைப் பாருங்கள். சிதறல் கேமரா புலத்தில் பாதிக்குள் இருந்தால் மட்டும் காசு செலவிடுங்கள். இதே பட்டியலுக்குப் பாதை கணிக்கும் நாசாவின் ஸ்கவுட் தளம் அதே பொருளுக்கு வேறு இடம் சொன்னால் அன்றைக்கு அதை விட்டுவிடலாம். 30 விநாடி வீதம் 36 படங்கள் எடுத்து, பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று அடுக்காக்குங்கள். மூன்றிலும் ஒரே வேகத்தில், ஒரே கோட்டில் நகர்ந்தால் அதுதான். ஒரு அடுக்கில் மட்டும் தெரிவது கேமராவின் வெறும் இரைச்சல், பொருள் இல்லை. அளந்த மூன்று இடங்களையும் பட்டியலின் பழைய அளவீடுகளோடு சேர்த்து, பாதை கணக்கிடும் ஃபைண்ட் ஆர்ப் மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள். கணக்கிட்ட இடத்துக்கும் அளந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு விகலைக்குள் வந்தால் ஏடிஇஎஸ் என்ற அறிக்கை வடிவத்தில் அனுப்புங்கள். பழைய 80 எழுத்து வரியில் பழகாதீர்கள். ஏடிஇஎஸ்ஸில் ஒவ்வொரு அளவீட்டின் பிழையையும் தனியாகச் சொல்ல இடம் உண்டு. ஒரு இரவுக்கு மூன்று, நான்கு இடங்கள் போதும். முப்பது அனுப்பினால் கெட்டிக்காரத்தனம் ஆகாது.

குறையும் உண்டு. முன்பதிவு செய்த நேரத்தில் அங்கே மேகம் வந்தால் பட்டியல் நமக்காகக் காத்திருக்காது. 2024 செப்டம்பர் 4 அன்று கேட்டலினா கண்டுபிடித்த 2024 ஆர்டபிள்யூ1 என்ற சிறுகோள் அதே நாள் நம் நேரப்படி இரவு 10:09-க்கு பிலிப்பைன்ஸின் லூசோன் மேல் வளிமண்டலத்தில் எரிந்தது. ஒரு மீட்டர் அளவுதான். கண்டுபிடிப்புக்கும் விழுதலுக்கும் நடுவே சுமார் பதினோரு மணி நேரம். அதில் கடைசி மூன்று மணி நேரம் இந்தியாவில் இரவு. இப்படிப்பட்ட பொருளுக்கு யார் மாடியில் அந்த நேரத்தில் கருவி தயாராக இருக்கிறது என்பதுதான் கணக்கு. வாடகைக் கருவியில் அதைத் துரத்த வரிசை கிடைக்க வேண்டும். விழும் நேரத்துக்கு நெருங்க நெருங்க வேகம் கூடி, சாதாரண மவுண்டுக்குப் பிடிபடாது என்பதும் உண்மை.

இலவசப் படங்கள்

டெக்சாஸின் ஹார்டின் சிம்மன்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து நடக்கும் ஐஏஎஸ்சி என்ற பன்னாட்டுச் சிறுகோள் தேடல் இயக்கம் பான்ஸ்டார்ஸ் படங்களைக் குழுக்களுக்கு அனுப்புகிறது. அஸ்ட்ரோமெட்ரிகாவில் திறந்து, நகரும் புள்ளிகளைத் தேடி அறிக்கை அனுப்ப வேண்டும். செலவில்லை. இந்தியப் பள்ளிகள் நிறையப் பங்கெடுக்கின்றன. அளவெடுக்கும் கையைப் பழக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

ஆனால் இது உறுதிப்படுத்தும் வேலை இல்லை. சிக்குபவை பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள பட்டைச் சிறுகோள்கள். பூர்வாங்கக் கண்டறிதல் என்று சான்றிதழ் வந்த மறுநாளே ‘சிறுகோள் கண்டுபிடித்த மாணவி’ என்று செய்தி போடுவது அவசரம். தற்காலிகப் பெயர் கிடைத்து, பல ஆண்டு பார்த்துப் பாதை உறுதியாகி, எண் பெற்ற பிறகுதான் பெயர் சூட்டும் பேச்சே. நம் மாநிலத்தில் காவலூர் ஆய்வகத்தில் ஆர்.ராஜமோகன் 1988 பிப்ரவரி 17 அன்று கண்டுபிடித்ததுதான் இன்றைக்கு 4130 ராமானுஜன்.

கல்வி நிறுவனம் என்றால் பல நாடுகளில் தொலைநோக்கிகள் வைத்திருக்கும் லாஸ் கும்ப்ரெஸ் ஆய்வக வலையமைப்பின் 40 செ.மீ. வகைத் தொலைநோக்கிகளில் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் வாடகையை மறந்துவிடுங்கள். பழைய படக் களஞ்சியங்களைத் துழாவுவது பாதை ஓரளவு தெரிந்த பிறகுதான் பயன்படும், முதல் நாள் பொருளுக்கு உதவாது.

எதைத் தேர்வது

ஒரு லட்சத்துக்குள் என்றால் தயக்கமே வேண்டாம்: ஒரு பருவம் ஐஏஎஸ்சியில் பழகி, பிறகு வாடகை. நான்கு லட்சம் இருந்தாலும் முதல் ஆறு மாதம் இதே பாதையில் போவதே நல்லது, ஏனென்றால் நேரப் பிழை, விண்மீன் பட்டியல், அடுக்கும் வேகம் எல்லாவற்றையும் மற்றவர் கருவியில் தவறிக் கற்றுக்கொள்ளலாம். அப்புறமும் மாடி வேண்டும் என்றால், 19-க்கு மேல் பிரகாசமான, தெற்கே இருக்கும் பொருள்களை தை முதல் பங்குனி வரை துரத்துவதற்கு என்று தெளிவாக வைத்து வாங்குங்கள். ஆண்டு முழுக்கப் பட்டியலைத் துரத்தலாம் என்று நினைத்து வாங்கினால் புரட்டாசிக்குள் கருவி விற்பனைக்கு வரும்.

எந்த வழியானாலும் அனுப்பும் முன் அந்த இடத்தில் ஏற்கெனவே தெரிந்த சிறுகோள் ஏதும் இருக்கிறதா என்று சரிபாருங்கள். மனிதன் ஏவியதா என்பதும் அப்படியே. 2007-இல் 2007 விஎன்84 என்று பெயர் பெற்றது பூமியைக் கடந்து போன ரோசெட்டா விண்கலம். 2025 ஜனவரியில் 2018 சிஎன்41 என்று அறிவித்து உடனே திரும்பப் பெற்றது, விண்ணில் விடப்பட்ட டெஸ்லா கார். நிபுணர்களுக்கே நடப்பது.

வால்வெள்ளி விஷயத்தில் மட்டும் தராசு மாடிப் பக்கம் சாய்கிறது. அதற்குத் தனியாக ஒரு உறுதிப்படுத்தும் பட்டியல் உண்டு. பெரிய தேடல் திட்டங்கள் சூரியனுக்கு மிக அருகே தேடுவது குறைவு. 2019 ஆகஸ்ட் 30 அன்று கெனாடி போரிசோவ் என்ற ஆர்வலர் 65 செ.மீ. தொலைநோக்கியில் 2ஐ/போரிசோவ் என்ற விண்மீனிடை வால்வெள்ளியைப் பிடித்தது விடிகாலை வானத்தில்தான். பத்து பாகை அட்சரேகையில் சூரியப் பாதை தொடுவானத்துக்குக் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கிறது, கருக்கல் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. சூரியனிலிருந்து 45 பாகை தள்ளி இருக்கும் பொருள், வானம் முழு இருட்டாக இருக்கும்போதே 27 பாகை உயரத்தில் கிடைக்கும். ஐரோப்பாவில் அதே பொருள் பெரும்பாலும் மூடுபனியில் புதைந்திருக்கும்.

வேலை எளிது, கவனம்தான் தேவை. பொருளின் வேகத்துக்கு அடுக்கிய படத்தில் அதன் அகலத்தை அளவிடுங்கள். நட்சத்திரங்களுக்கு அடுக்கிய படத்தில் அதே மேக்னிடியூட் நட்சத்திரங்களின் அகலத்தை அளவிடுங்கள். பொருள் மட்டும் நான்கைந்து விகலை அகலமாக, நட்சத்திரம் மூன்றாக இருந்தால் தலை மண்டலம் (வால்வெள்ளியைச் சூழ்ந்த வாயு, தூசி உறை) இருக்கிறது என்று குறிப்பிட்டு அனுப்பலாம். குவியம் பிசகினாலோ, அடுக்கும் வேகம் தவறினாலோ எல்லாச் சிறுகோளுக்கும் வால் முளைத்தது போலத் தெரியும், ஆகவே அருகில் உள்ள ஒரு சாதாரண சிறுகோளையும் அதே முறையில் அளந்து ஒப்பிடுங்கள். மார்கழி, தை விடியலில் பனி கொட்டும். கண்ணாடித் தகடு முன்னால் இருக்கும் கருவிகளில் அரை மணியில் நட்சத்திரம் மங்கிவிடும். பனி நீக்கும் சூடுபட்டை கட்டியாக வேண்டும். நியூட்டோனியனில் குழாய்க்குள் ஆழத்தில் இருக்கும் முதன்மை ஆடி தப்பித்துவிடும், சிறிய ஆடியைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மாடி தேர்ந்தெடுக்கும்போது வடக்கில் துருவ நட்சத்திரம் தெரிகிறதா என்பதைவிட, கிழக்கே கண்மாய்ப் பக்கம் திறந்திருக்கிறதா, தொடுவானத்திலிருந்து பத்து பாகைக்கு மேல் தென்னையோ கோபுர விளக்கோ இல்லையா என்று பாருங்கள்.